பதினேழு பொத்தான்களில் ஒரே முகம்

பதினேழாவது பொத்தானிலும் அதே முகம்தான் வந்தது. அகன்ற நெற்றி, சற்றே வளைந்த மூக்கு, முறுக்கு மீசை. ஜெசிந்தா கொரேரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தூத்துக்குடிக்கு அருகே எப்போதோ மூழ்கிய கப்பலின் பொருள்களைப் படமெடுப்பது அவள் வேலை. அவளிடம் இருந்த கைவழிப் படக்கருவி சாதாரண கேமரா இல்லை. ஒரு பொருளில் கடைசியாகப் படிந்த மனிதத் தடத்தைப் படித்து, அந்த ஆளின் முகத்தை வரைந்து தரும். உப்புப் படலத்துக்கு அடியில் தடம் அழியாதாம். பொருளின் காலத்தைப் பதிந்துவிட்டால், அதற்கு ஏற்ற மீசையையும் அதுவே கணித்து ஒட்டிவிடும். கருவி சொன்னால் கோர்ட்டும் கேட்கும், சம்பந்தி வீடும் கேட்கும்.

போன வருடம் உயிர்காப்புப் படகின் பித்தளை வளையத்தில் இதே முகம் வந்தபோது ஊரே கொண்டாடியது. ஜாடையைப் பார்த்து, அந்தக் கப்பலில் வேலை பார்த்த அவளுடைய முப்பாட்டன் சந்தியாகுதான் என்று முடிவாயிற்று. படகை இறக்கிப் பலரைக் காப்பாற்றியவர் என்று கடற்கரையில் சிலை வைத்தார்கள். இப்போது அந்த முகம் செத்துப்போன பயணிகளின் வெள்ளிப் பொத்தான்களில் வந்து நிற்கிறது. பிணங்களிலிருந்து அறுத்த திருடன் என்று ஐந்து மணிக்குப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏறியதை அழிக்க வழியில்லை. அவளுக்கோ பத்து நாளில் கல்யாணம்.

அப்பா லிபர்ட் வாடிய முகத்துடன் உள்ளே வந்தார். "மாப்ள வீட்டுல யோசிக்கணும்னு சொல்லுதாவட்டி."

"கடைசியா ஒரு தடவை எடுத்துப் பாக்கேன்பா."

கையுறை போட்ட விரல்களால் பொத்தானை எடுத்தாள். 'ஹா' என்று ஊதி, மெல்லிய துணியால் துடைத்தாள்.

"அது என்னட்டி, கையில உறையப் போட்டுக்கிட்டு வாயால ஊதுத?"

"ஊதித் துடைச்சாத்தான்பா படத்துல பளபளன்னு விழும். எல்லாத்தையும் அப்படித்தான்..."

பொத்தானை அப்படியே வைத்தாள். அடுத்த மேஜையிலிருந்த காப்பக அதிகாரி வேலாயுதத்திடம் ஓடினாள்.

"சார், உங்க சட்டைப் பொத்தான் ஒண்ணு பிச்சுக் குடுங்க."

குழப்பத்தோடு கொடுத்தார். ஊதினாள், துடைத்தாள், படமெடுத்தாள். கருவியில் கப்பலின் காலம் மாற்றப்படாமல் இருந்ததால், முறுக்கு மீசையோடு அதே முகம் வந்தது.

வேலாயுதம் படத்திலிருந்த மீசையை விரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஏம்மா, என் சட்டையிலயும் உங்க முப்பாட்டன் கை வச்சுட்டாரா?"

ஐந்து மணிக்கு ஏறவிருந்த குற்றப் பதிவை அங்கேயே ரத்து செய்தார். ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கப்படாமல் அழுதாள்.

"அப்ப அந்த வளையம்?" என்றார் வேலாயுதம் மெதுவாக.

"அதையும் ஊதித்தான் சார் துடைச்சேன்."

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா. திருடனும் இல்ல, வீரனும் இல்ல. சிலை வச்ச நாள்லேருந்து என்னைய நீச்சப் போட்டிக்குக் கூப்பிட்டு உசிர எடுக்கானுவ. எனக்கு நீச்சலே தெரியாது."

வேலாயுதம் சிரிக்கவில்லை. சுவரில், பழங்கால நகையிலிருந்து இதே கருவி வரைந்து தந்த மகாராணியின் படம் மாலையோடு தொங்கியது. தினமும் காலையில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் நாற்காலியில் உட்காருவார்.

"இந்தம்மாவை யாரு ஊதுனாங்களோ," என்றார்.

மாலையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து நல்ல சேதி வந்தது. ஜெசிந்தா நிம்மதியாகக் கடற்கரைக்குப் போனாள். மீசையைத் தவிர்த்தால் சிலை அசல் அவளேதான். பெயர்ப்பலகை மங்கியிருந்தது. பழக்கதோஷத்தில் குனிந்து வாயைத் திறந்தவள், சட்டென்று மூடிக்கொண்டாள்.