துடைத்து வைத்த வீடு

காலை பத்து மணி. மண்டையில் அடிபட்ட நான்கு வயதுப் பெண்குழந்தை, நினைவில்லாமல் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள். பத்தரைக்கெல்லாம் போலீஸ் குற்றவாளியைப் பிடித்துவிட்டது. அவ்வளவு சுறுசுறுப்பு.

பிடிபட்டவர், குழந்தையின் அம்மாவை நான்கு மாதம் முன்பு மறுமணம் செய்துகொண்ட பஸ் டிரைவர். சாட்சி, அதே வீட்டில் தங்கிக் குழந்தையை வளர்க்கும் பெரியம்மா, அம்மாவின் அக்கா.

"சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டுக் கிளம்பினான். காலைக் கட்டிக்கிட்ட புள்ளைய எட்டித் தள்ளிட்டுப் போயிட்டான். அந்த நொடியே ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். செருப்புகூடப் போடல" என்று அழுதாள்.

குழந்தைகள் நல அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். போன வருடம், அம்மா கணவனில்லாமல் திண்டாடிய காலத்தில், அந்த வீட்டுக்கு அடிக்கடி போய், குழந்தைக்கு ஆபத்தில்லாமல் வீட்டை எப்படி வைப்பது என்று அக்கா தங்கை இருவருக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள். பிழைத்தால் குழந்தை வீட்டுக்குப் போவதா, காப்பகத்துக்கா என்று மாலைக்குள் அவள்தான் சொல்லியாக வேண்டும்.

அம்மா இரவு வேலையிலிருந்து நேராக மருத்துவமனைக்கு ஓடி வந்திருந்தாள். அவளிடம் சாவி வாங்கிக்கொண்டு, இன்ஸ்பெக்டருடன் அதிகாரி அந்த வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் தரையில் குந்தினாள்.

"என்ன மேடம், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குழந்தை உயரத்துல பார்த்தாத்தான் சார் வீடு தெரியும்."

தெரிந்தது. கத்தி மேல்தட்டில். மருந்தும் பினாயிலும் அதற்கும் மேலே. வாளி காலியாகக் கவிழ்ந்திருந்தது. அறையில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட், கட்டிலோரம் தரையை ஒட்டி. அதன் மேல் பிளாஸ்டிக் மூடி. எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தபடியே. தன் பாடம் இவ்வளவு கச்சிதமாக நடந்து அவள் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. அதுதான் உறுத்தியது.

பன்னிரண்டு மணிக்கு ஸ்டேஷனில் டிரைவர் எதிரே உட்கார்ந்தாள்.

"காலையில என்ன பண்ணினீங்க?"

"சட்டையைத் தேய்ச்சேன். பாப்பா டாட்டா காட்டினா. கிளம்பிட்டேன்."

"எந்த பிளக்குல தேய்ச்சீங்க?"

"இருக்கறதே ஒண்ணுதானே மேடம், கட்டில்கிட்ட."

"மூடியைக் கழட்டி எங்க வெச்சீங்க?"

டிரைவர் விழித்தார். "என்ன மூடி?"

அதிகாரி எழுந்துவிட்டாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தள்ளி நின்றார்.

"அக்கா, அவர் சட்டை தேய்ச்ச பிளக்குல இப்ப மூடி இருக்கு," என்றாள் அதிகாரி. "அவர் போனதுக்கு அப்புறம் யாரோ போட்டிருக்காங்க. அப்படி ஒரு மூடி இருக்கறதே அவருக்குத் தெரியாது. உங்க தங்கச்சி வீட்டுக்கே வரல. நான் வந்தா எதைப் பார்ப்பேன்னு தெரிஞ்சு, அந்த நேரத்துல வீட்டுல இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அவர் தள்ளியிருந்தா நீங்க ஊரைக் கூட்டியிருப்பீங்க. வீட்டை ஒதுங்க வெச்சிருக்க மாட்டீங்க. கேள்வி உங்க மேலதான் வரும்னு பயந்துதானே அதைச் செஞ்சீங்க?"

"புள்ள ராத்திரி பூரா தூங்க விடல," என்றாள் பெரியம்மா மெதுவாக. "அவன் போனதும் பாலைத் தட்டி விட்டா. ஒரே ஒரு தள்ளுதான். பேச்சு மூச்சு இல்லாம போயிட்டா. வீடு இருக்கற கோலத்துல நீங்க பார்த்தா, புள்ளைய எடுத்துட்டுப் போயிடுவீங்கன்னு…"

"அரை மணி முன்னால கொண்டு வந்திருந்தா மண்டையைத் திறந்திருக்கவே வேண்டாம்னு டாக்டர் சொல்றாரு. நீங்க வீட்டை ஒதுங்க வெச்ச அந்த அரை மணி நேரமும் புள்ள தரையில கிடந்திருக்கா."

அதிகாரியின் கோபம் பெரியம்மா மேல் மட்டும் இல்லை, தன் மேலும்தான். பிளக்கை மூடச் சொல்லிக் கொடுத்தவள், முடியவில்லை என்றால் என்னைக் கூப்பிடு என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

அம்மா தலையைக் கையில் தாங்கியபடி கேட்டாள். "நான் வேலைக்குப் போனா இனிமே இவளை யாரு பார்ப்பாங்க மேடம்?"

"நீங்க வேலைக்குப் போற நேரத்துல பார்த்துக்கற குழந்தைகள் காப்பு மையத்துல இடம் வாங்கித் தரேன். வாராவாரம் நானும் வரேன். குழந்தை உங்ககிட்டதான் இருப்பா."

இன்ஸ்பெக்டர் பெரியம்மாவை அழைத்துப் போனார். சாயங்காலம், போலீஸ் விடுவித்த டிரைவர் வந்தார். காலையில் போலீஸ் பேச்சை நம்பியிருந்த மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமலே கட்டிலருகே இடம் விட்டாள்.

ஆறு மணி வாக்கில் குழந்தை கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள், பிறகு வாசல் பக்கம் தேடினாள்.

"பெரியம்மா எங்க?" என்று கேட்டாள்.