அர்ஜுனன் மாட்டிய அட்டை

தண்ணீர்மலை அடிவாரத்துத் துணைமின் நிலையத்தின் கேட்டை ஷார்லின் திறந்தபோது பிற்பகல் மூன்று மணி. மலைக்குப் பின்னால் இடி உருண்டுகொண்டிருந்தது. ஈரச் சிமெண்டு வாடை, சூடேறிய எண்ணெய் வாடை. இரண்டுக்கும் நடுவே, யாரோ சற்றுமுன் பற்றவைத்த சுருட்டின் வாடை.

உள்ளே ஆள் கிடையாது. ஒரே ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர்தான்.

"அக்கா, சேந்துட்டீங்களா?" கைப்பேசியில் கோகிலன், கட்டுப்பாட்டு அறையிலிருந்து. "அந்தக் கரையில இருந்து கரண்ட் வர்ற பெரிய லைன் ஒண்ணு அறுந்து போச்சு. தீவே நூல்ல தொங்குது. எந்த ஸ்டேஷனும் படி ஏத்தக் கூடாதுன்னு பூட்டிட்டேன். உங்களது மட்டும் கேக்க மாட்டேங்குது லா."

*டக்.*

படி ஏறும் ஓசை அது. மின்னழுத்தம் தளர்ந்தால் டிரான்ஸ்ஃபார்மர் தனக்குள் ஒரு படி ஏறிக்கொள்ளும். அந்த வட்டாரத்து விளக்குகள் மறுபடி பளிச்சென்று எரியும். மற்ற நாளில் நல்ல காரியம்தான். ஆனால் வரத்தே குறைந்துபோன நாளில், அந்தப் பளபளப்புக்கான மின்சாரமும் மிச்சமிருக்கும் லைனிலிருந்தே உறிஞ்சப்படும். லைன் மேலும் தளரும். உடனே இன்னொரு படி ஏறத் தோன்றும். எல்லா நிலையமும் ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றால் தீவு பிழைக்கும். ஒன்று முரண்டு பிடித்தாலும் மொத்தமும் இருளும்.

இருண்டால் மீள மணிக்கணக்காகும். இந்த நிலையத்தின் மின்சாரம் போகும் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில்தான் அவள் வீடு; அங்கே அப்பா இராயப்பன் மூச்சுவிடுவது மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரத்தில். கைவசம் ஒரு சிலிண்டர். இருபது நிமிடம் தாங்கும்.

ஷார்லின் படி ஏற்றும் மோட்டாருக்குப் போகும் சுவிட்சை அணைத்தாள்.

*டக்.*

இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்தாள். கையால் சுழற்றும் பிடி தானாகச் சுழன்றுகொண்டிருந்தது.

அதில் ஒரு சிவப்பு அட்டை ஆடியது. மலாயில் 'தொடாதே'. கீழே மங்கிய மையில்: அர்ஜுனன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் கேள்விப்பட்ட அட்டை. கருவியில் வேலை செய்பவர் மாட்டும் எச்சரிக்கை அட்டை அது; மாட்டியவர் கையால்தான் அதைக் கழற்ற வேண்டும். விதி அப்படி. பத்தொன்பது வருடத்துக்கு முன் இதே போலொரு நாளில், இங்கே வேலை பார்த்த அர்ஜுனன், தன் ஊர் மங்கக் கூடாதென்று, நிறுத்து என்ற உத்தரவை மீறி இந்தப் பிடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். தீவு இருண்டது. அவரும் பிடியைப் பிடித்தபடியே போய்விட்டார். இறந்தவர் அட்டையைக் கழற்றவும் ஒரு படிவம் உண்டு. அதில் கையெழுத்துப் போடத் துணிந்த ஆள்தான் இல்லை.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது.

"என் ஊரு மங்குது..."



"அக்கா, இன்னும் ஒரு படி ஏறினா முடிஞ்சுது! வெளிய வந்துருங்க!"

"வரமாட்டேன், போடா!" என்று கத்திவிட்டு, சுழலும் பிடியை இரு கையாலும் பற்றினாள்.

கையில் பட்டது பிடி மட்டுமல்ல. அவள் விரல்கள் மேல் வேறு விரல்கள் இருந்தன.

ஐஸ் மாதிரி.

"அண்ணே," பல்லைக் கடித்தாள். "அது என் ஊருந்தான். எங்கப்பா அங்கதான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு. நீங்க ஒருத்தர் ஏத்த ஏத்த மத்தவங்க எல்லாரும் சாயுறாங்க. அன்னிக்கும் அப்படித்தான் சாஞ்சுது. இன்னிக்கு நான் விடமாட்டேன். கைய எடுங்க!"

தோள் மூட்டு விண்ணென்று தெறித்தது. எதிர்ப்பக்கமாக இழுத்தாள்.

*டக்.*

இறங்கும் படி. இன்னொன்று. இன்னொன்று.

"தாங்கிருச்சு! அக்கா, தாங்கிருச்சு லா!"

ஷார்லின் பிடிக்குத் தன் பூட்டைப் போட்டாள். தன் பெயரெழுதிய சிவப்பு அட்டையைப் பழைய அட்டைக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

"உங்க அட்டைய நான் தொடல. என்னுதை நீங்க தொடக் கூடாது. சரியா?"

சுருட்டு வாடை மெல்லத் தணிந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சிரித்தார். இயந்திரம் சீராக முனகியது.

"ஒங்க ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்தாரும்மா. நல்ல மனுஷன். கைதான் ஒரே ஜில்லுனு..."

இயந்திரத்தின் பிளக்கில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. மங்கிய மையில் அதே பெயர். 'தொடாதே'.

மாட்டியவர் கையால்தான் கழற்ற வேண்டும்.

ஷார்லின் பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தாள். தன் பெயரைப் பெரிதாக எழுதி, அதன் மேலேயே மாட்டினாள்.

"எங்கப்பாவப் பாத்துக்க இங்கயும் நான் இருக்கேண்ணே," என்றாள்.

*டக்.*

அவள் பூட்டிய பிடி அங்கே மலையடியில் இருக்க, தலைக்கு மேல் விளக்கு ஒரு படி பளிச்சென்றது.