பச்சைப் புள்ளி எங்கே?

போனில் திறந்த வானிலை வரைபடத்தில் பச்சைப் புள்ளியைக் காணோம். வளர்மதிக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் புள்ளிதான் கொல்லிமலையில் அவர்கள் வீடு. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் முன், அப்பா சென்றாயன் கூரைமேல் சிறிய வானிலைக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். வீடுகளில் இப்படிக் கருவி வைத்திருப்பவர்களின் குழுவுக்கு அது மழை, வெயில் விவரங்களை அனுப்பும். சாப்பாட்டு நேரத்தில் அப்பா போனில் அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்ப்பார்.

"மழை பெய்யுதே, காயப்போட்ட மிளகை அள்ளீட்டயா?" என்று அங்கிருந்தே அம்மாவைக் கேட்பார்.

"நனையறது நானு. எனக்குத் தெரியாதாக்கும்!" என்று அம்மா சிரிப்பார்.

இனி அப்பா எதைத் தொட்டுப் பார்ப்பார்?

நாமக்கல்லில் இருந்து குழுவைக் கவனிக்கும் பிரேம் அண்ணாவை வளர்மதி போனில் அழைத்தாள்.

"இந்த வாரந்தான் காற்றழுத்தமும் சேர்த்தோம் கண்ணு. எல்லாருக்கும் ஆயிரத்துப் பத்து பக்கம் காட்டுது. உங்களுது மட்டும் எண்ணூத்தித் தொண்ணூத்தி நாலு. கருவி கெட்டுப்போச்சுன்னு புள்ளிய எடுத்துட்டேன்."

"புதுசு மாட்ட அப்பா தை மாசந்தான் வருவாருங்க..." என்றாள் வளர்மதி.

சாயங்காலம் அம்மா நாமக்கல் சந்தையில் இருந்து வந்தார். பையில் இருந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் போல உப்பியிருந்தது.

"வாங்கறப்ப சப்பையா இருந்துச்சு. பஸ்சு மலையேற ஏற இப்படி ஊதிருச்சு!"

வளர்மதி அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். மேலே வர வர, வெளியே இருந்து அழுத்தும் காற்று குறைகிறதோ? அப்படியானால் கருவி சரியாகத்தானே சொல்லியிருக்கிறது?

உடனே பிரேம் அண்ணாவை மறுபடி அழைத்தாள். "அண்ணா, எங்க ஊடு மலைமேல இருக்குதுங்க. உயரத்தைக் கணக்குல சேர்த்தீங்களா?"

"அடடா! உயரம் போடாம விட்டுட்டேனே! எவ்வளவு?"

அவள் கருவிக்கு நேர் கீழே நின்று போனில் உயரத்தைப் பார்த்தாள். "ஆயிரத்து அறுபது மீட்டருங்க."

"கடல்மட்டத்துக்கு மாத்த, நூறு மீட்டருக்குச் சுமாரா பதினொண்ணு கூட்டணும்."

வளர்மதி தாளில் போட்டாள். நூற்றுப் பதினாறு சொச்சம். கருவி காட்டியதோடு கூட்டினால் ஆயிரத்துப் பத்து!

சற்று நேரத்தில் புள்ளி பளிச்சென்று வந்தது. அடுத்து அப்பாவின் அழைப்பும் வந்தது.

"நம்ம ஊடு தெரியுது சாமி!"

"அங்க கடலோரத்துல காற்றழுத்தம் எவ்வளவுங்கப்பா?"

"இரு, பாக்கறேன்... இங்கயும் ஆயிரத்துப் பத்துதான் கண்ணு."

வளர்மதி தாளில் தன் ஆயிரத்துப் பத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் ஆயிரத்துப் பத்தையும் எழுதினாள். அதன்பின்னும் இருவரும் போனை வைக்கவில்லை.