துணியில் தங்கியது

ஒரு சொம்புத் தண்ணீரை வடிகட்டினால் துணி நனையும், அவ்வளவுதான். கனக்காது. லீலாவதியின் கையில் அது கனத்தது.

பாறைக் குடைவுக்குள் இருந்த சுனையின் கடைசிப் படியில் அவள் குந்தியிருந்தாள். வெளியே மாசி மாதத்து வெயில் ராஜகிரிக் கோட்டைப் பாறையெல்லாம் தகதகவென்று அடித்துக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் இருட்டும் ஈரமும் ஒரு வாடையும் தேங்கிக் கிடந்தன. பாசி வாடையாக இருந்திருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வௌவால் எச்சத்தின் வாடைக்கும்கூட, காலையிலிருந்து பாழடைந்த நெற்களஞ்சியங்களைச் சுற்றிப் பார்த்ததில், மூக்கு ஒருவாறு பழகிவிட்டிருந்தது. இது வேறு. மூன்று நாள் கட்டியிருந்த புண் துணியை அவிழ்த்தால் குப்பென்று வருமே, அந்த வாடை. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வேறு வழியிருந்தால் இந்தச் சுனைப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பாளா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம் வரைக்கும் செஞ்சிக் கோட்டையை அவள் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருந்தாள். மேல்சித்தாமூருக்கு வாக்கப்பட்டு வந்து பத்து வருஷம், கோட்டை இருப்பதோ பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில். நெல் வியாபாரம் பார்க்கும் புருஷன் சீதளநாதனுக்கு இன்றைக்குத்தான் ஒரு நாள் ஒழிந்தது. புளிச்சோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு, கூஜா நிறைய வீட்டுத் தண்ணீரும் வடித்து எடுத்துக்கொண்டு, ஐந்து வயது நீலாஞ்சனாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பாதி மலையில் ஒரு குரங்கு கூஜாவைத் தட்டிவிட்டது. கட்டையில போற குரங்கு! குழந்தை நாக்கு வறண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் மூன்றாவதாகத் தங்கியவள் அவள். அவள் அழுதால் லீலாவதிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"ஆச்சா லீலா? மூணரை பஸ்ஸ உட்டா அப்புறம் அஞ்சரைக்குத்தான்" என்று வெளியிலிருந்து கத்தினான் சீதளநாதன். "வெளக்கு வெச்சப்புறம் போய்ச் சேந்தா கொழந்தைக்கு ராத்திரி பட்டினிதான்."

சுற்றுவட்டாரம் நயினார் என்று கூப்பிடும் சமணக் குடும்பம் அது. பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை போடமாட்டார்கள். வடிக்காத தண்ணீரைத் தொடமாட்டார்கள். வடித்தபின் துணியைப் பிழிந்து உதறிவிடவும் கூடாது. அதில் தங்கிய உயிர்கள், கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எந்தத் தண்ணீரிலிருந்து வந்தனவோ அந்தத் தண்ணீருக்கே போய்ச் சேர வேண்டும். லீலாவதி வடித்த தண்ணீரைக் கூஜாவில் நிரப்பிக்கொண்டு, துணியைத் திருப்பிப் பிடித்து, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுனைக்குள் மெல்ல அலசினாள். தூசி போயிற்று. பாசித் திப்பி போயிற்று.

நடுவில் ஒன்று மட்டும் போகவில்லை.

அவரைக் கொட்டை அளவுதான் இருக்கும். வெள்ளையென்றும் சொல்ல முடியாது, சிவப்பென்றும் சொல்ல முடியாது. கொழகொழவென்று, தோல் உரித்த மாதிரி. அதற்குள்ளே மயிரிழை மாதிரி ஒரு சிவப்பு நரம்பு விட்டுவிட்டுத் துடித்தது. அவள் மறுபடியும் தண்ணீர் விட்டாள். அது துணியோடு ஒட்டிக்கொண்டது. இல்லை, ஒட்டவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது.

அடக் கடவுளே! சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாதவள் அவள்.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்களேன். இது போவ மாட்டேங்குது."

சீதளநாதன் குனிந்து பார்த்தான். முகம் சுளித்தான். "ஏதோ புழு. வெரலால தள்ளி உடு."

"நான் தொடமாட்டேன். நசுங்கிச்சுன்னா பாவம் யாருக்கு?"

தானே விரலை நீட்டியவன் பாதியில் மடக்கிக்கொண்டான். "தோ பாரு, நேரமாவுது. துணிய அப்படியே சொம்புல போட்டுக் கொஞ்சம் தண்ணி ஊத்திக்க. நம்ம கெணத்துல உட்டுடலாம். உசுருதானே, எந்தத் தண்ணில இருந்தா இன்னா?"

அது முறையில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் துணியைச் சொம்புக்குள் நழுவவிட்டு மூடியை அழுத்தினாள். அந்த வாடையிலிருந்து வெளியே ஓடினால் போதுமென்றிருந்தது.

குழந்தை கூஜாத் தண்ணீரைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் குடித்தாள். நூறு படி இறங்குவதற்குள் கூஜா காலி.

"அம்மா, இன்னும்."

"போதும் கண்ணு. கீழ போயிடலாம்."

"கீழ இருக்கற தண்ணி வேணாம். அந்தச் சொம்புத் தண்ணி."

லீலாவதி சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். ஏறும்போது காலிச் சொம்பாக வந்தது. இப்போது அதில் இருப்பது ஒரு கை தண்ணீரும் ஒரு முழத் துணியும். ஆனால் மணிக்கட்டு வலித்தது. பித்தளை வெயிலில் சுடவேண்டும், சுடவில்லை. உடம்புச் சூடு மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. மூடி இடுக்கிலிருந்து ஏதோ கசிந்து அவள் விரல்களுக்கு நடுவே இறங்கியது. தண்ணீர் இப்படி நூல் விடுமா? மோந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. படியோரத்தில் குனிந்து, மத்தியானம் சாப்பிட்ட புளிச்சோற்றை அப்படியே வாந்தியெடுத்தாள். அவள் முதுகைத் தடவிவிடாமல், குழந்தை சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்து வாசலில் பாவாடை என்ற காவல்காரன் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்தான். சொம்பைப் பார்த்ததும் பீடியை எறிந்தான்.

"இன்னா நயினாரே, எந்தத் தண்ணி எடுத்தீங்க?"

"களஞ்சியத்துக்குப் பின்னால, குகைக்குள்ள ஒரு சுனை."

"அதுலயா? நாங்க மாட்டக்கூட அங்க உடறதில்லையே! கொழந்த குடிச்சிச்சா?"

"வடிச்சுத்தான் குடுத்தோம்."

பாவாடை இரண்டு அடி பின்னால் போனான். "வடிச்சதுல நின்னத இன்னா பண்ணீங்க?"

லீலாவதி வாயெடுப்பதற்குள் சீதளநாதன் முந்திக்கொண்டான். "அங்கயே ஊத்தியாச்சு."

"அப்ப செரி" என்றான் பாவாடை. ஆனால் அவன் கண் சொம்பை விட்டு நகரவில்லை. "அங்க இருக்கறது அங்கயேதான் இருக்கணும் நயினாரே." காறித் துப்பிவிட்டு, வாசலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு வந்ததும் லீலாவதி வெடித்தாள். "ஏன் பொய் சொன்னீங்க? நான் திரும்பிப் போய் உட்டுட்டு வரேன்."

"மறுபடியும் மலை ஏறப் போறியா? மணி மூணே கால் தாண்டிடுச்சு."

"பஸ் போனா போவட்டும்! அந்தாளு மூஞ்சப் பாத்தீங்களா?"

"பீடி குடிக்கறவன் பேச்சு உனக்கு வேதவாக்கா? கொழந்த பட்டினி கெடக்கணுமா?"

"கொழந்தைக்காகத்தான் சொல்றேன்!"

பாழாய்ப் போன சண்டை. ஒரு இரண்டு நிமிஷம்தான் இருக்கும். கைவலி தாங்காமல் சொம்பை வேர்மேல் வைத்திருந்தாள். மூடி கழன்று உருளும் சத்தம் கேட்டது.

திரும்பினாள்.

நீலாஞ்சனா மரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. முதுகு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. துணியின் ஒரு முனை தோளில் தொங்கியது. மறு முனை வாய்க்குள்.

சப்பிக்கொண்டிருந்தாள்.

"அடியே! துப்புடி!"

லீலாவதி துணியைப் பிடுங்கினாள். வாயிலிருந்து முழுசும் வந்தது. நீளமாக. நூல் விட்டுக்கொண்டு. பளிச்சென்று வெள்ளைத் துணி. அதில் ஒன்றுமில்லை. சொம்பிலும் ஒன்றுமில்லை.

குழந்தையின் வாய் மூடிக்கொண்டது. கன்னம் உப்பியிருந்தது. ஒரு பக்கக் கன்னம். பிறகு அது அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. பிறகு கழுத்தில் ஒரு சின்ன மேடு. இறங்கியது. நின்றது.

"இன்னாடி ஆச்சு? இன்னா ஆச்சு?" சீதளநாதன் குழந்தையின் முதுகில் தட்டினான். தட்டிக்கொண்டே அழுதான்.

தூரத்தில் பஸ் ஹாரன்.

தொடமாட்டேன் என்றவள், குழந்தையை மடியில் சாய்த்துத் தாடையைப் பிரித்தாள். அந்த வாடை முகத்தில் அடித்தது. அவள் மூக்கைப் பொத்தவில்லை. விரலை விட்டாள். நாக்கு. நாக்குக்கு அடியில் ஒன்றுமில்லை. அண்ணம். வழவழப்பு. இன்னும் உள்ளே. குழந்தை ஓங்கரித்தாள். இன்னும். எடுத்துவிடலாம். எடுத்துவிடுவேன் கண்ணு. இதோ.

எதுவோ பட்டது. கொழகொழவென்றில்லை.

அது விரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நீலாஞ்சனாவின் இரண்டு கைகளும் அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தன. லீலாவதி அந்தக் கைகளைப் பார்த்தாள். பத்து விரல்களையும் பார்த்தாள்.

தொண்டைக்குள், ஐந்து சின்ன விரல்கள் அவள் விரலைச் சுற்றி மெதுவாக மூடிக்கொண்டன. இழுத்தாள். விடவில்லை. பிறகு, பிடித்த பிடியை விடாமல், அவள் விரல் நுனியை ஏதோ ஒரு வாய் சப்பத் தொடங்கியது.