கறுப்பங்கியின் ஒன்பதாம் பாகம்

டம்ளருக்குள் கரண்டி தலைகீழாக நின்றது. குழிப்பக்கம் மேலே, காம்பு கீழே.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பென்சில்காரர் தூக்கக் கலக்கத்தில் வரைந்திருப்பார் என்று நினைத்தபடி தூரிகையை மையில் தோய்த்தாள். தோய்த்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

அண்ணன் படக்கதை எழுதுவான். வெளியூரில் இருக்கும் பென்சில்காரர் அதைக் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்புவார். அந்தப் பென்சில் கோடுகள்மேல் அவள் மை போடுவாள். மற்றவர்களைப் போல முழுப் பக்கத்தையும் விரித்துவைத்துக்கொண்டு வேலை செய்ய அவளுக்குப் பிடிக்காது. நடுவில் சன்னல் வெட்டிய கெட்டி அட்டையால் பக்கத்தை மூடிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்பாள். அடுத்து என்ன நடக்கும் என்பது மை போடப் போடத்தான் அவளுக்கே தெரியும். முழுசாகப் பார்த்துவிட்டால் கை சோம்பேறியாகிவிடும் என்பாள்.

கதையும் அதற்கேற்ற கதைதான். சட்டத்தின் கையில் சிக்காமல் தப்பித்தவர்களின் வீட்டுக்குக் கறுப்பங்கி வருவான். செய்த பாவத்தை அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பான். தலையில் கை வைத்துப் பிரார்த்தனை செய்வான். அது முடிவதற்குள் மூக்கிலும் காதிலும் கறுப்பு வழிந்து ஆளின் கதை முடிந்திருக்கும். ரத்தத்தைக் கறுப்பாகவே போடலாம் என்றது அவள்தான். வாசகர்கள் அதற்கு உயிரை விட்டார்கள். எட்டு பாகம், அறுபது சாவு. ‘நல்லா வேணும் உனக்கு’ என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் மை போட்டிருக்கிறாள்.

வெளியே மதியமே இருட்டிக்கொண்டு மழை பெய்தது. சமையலறைக் குழாய் சொட்டும் சத்தமும், மேசை விளக்கின் மெல்லிய ரீங்காரமும், மையின் புளித்த வாசனையும் தவிர அந்த வீட்டில் வேறெதுவும் இல்லை. அவளோ தூரிகையைப் பிடித்தபடி அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. காம்பைப் பிடிக்க வராது. குழிப்பக்கத்தை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, காம்பால் டம்ளரைத் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவார். மூன்று வருடம், ராத்திரி பகல் பார்க்காமல் அந்தத் தட்டலுக்கு எழுந்து ஓடினாள். ஒரு நாள் மதியம் மட்டும் எழவில்லை. உடம்பு அடித்துப்போட்டது போல் இருந்தது. பக்கத்து அறையில் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாள். தட்டல் வேகமானது. மெதுவானது. நின்றது. அவள் அப்போதும் எழவில்லை.

இதை அவள் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “கடவுளே உன்ன மன்னிச்சிருப்பார் பாப்பா. நான் யாரு?” என்றான். அன்றைக்குத்தான் அவள் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

அட்டையை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள். கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் ஒரு பெண். கண்கள் திறந்திருந்தன.

‘சண்டாளா’ என்றாள் வாய்விட்டு. ‘என் கதையை வித்துட்டியேடா.’ நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டானே என்ற ஆத்திரத்தில் கண்ணீர் முட்டியது. ஊரே படிக்கப்போகிறது. ஊரே ‘நல்லா வேணும்’ என்று சொல்லப்போகிறது.

அந்த எரிச்சலிலும் வேறொன்று உறுத்தியது. ஏழாம் பாகத்தில் சாகிறவர்களில் ஒருவனுக்கு இடது கைச் சுண்டுவிரல் இருக்காது. கட்டங்களுக்குள் வசனங்களைக் கையால் எழுதிக்கொடுத்த எழுத்துக்காரருக்கும் இருக்காது. பொடிப்பொடியாக எழுதுவதால் அவருக்குக் ‘கொசு’ என்று பெயர். அண்ணன் அவரைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு கொசு வேலைக்கு வரவில்லை. வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

மைக் குப்பியை மூடிவிட்டு, தூரிகையைக் கையில் பிடித்தபடியே அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். மனைவி எடுத்தாள்.

“அக்கா, அவர் இருக்காரா?”

“அவர் போய் ஏழு மாசம் ஆச்சும்மா. உங்க அண்ணன் சொல்லலையா?”

“எப்படிக்கா?”

“நாற்காலில உட்கார்ந்தவர் அப்படியே போயிட்டார். மூளைல ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சுன்னாங்க. உங்க அண்ணன் அப்ப கூடத்தான் இருந்தார், பாவம். மனசு சரியில்லன்னு இவர்தான் அவரைக் கூப்பிட்டு என்னமோ சொல்லி அழுதார். அவரும் தலைல கை வெச்சுப் பிரார்த்தனை பண்ணினார். ரொம்ப நல்ல மனுசர்மா உங்க அண்ணன்.”

போனை வைத்தாள். ஏழு மாதம். ஏழாம் பாகத்துக்கு அவள் மை போட்டு முடித்தது எப்போது? அதே மாதம். மற்ற ஐம்பத்தொன்பது பேர் யார்? அவர்களுடைய மச்சங்கள், மூக்குக் கண்ணாடிகள், வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாவற்றுக்கும் அவள் மை போட்டிருக்கிறாள். பொறுமையாக. அழகாக.

மேசைக்குத் திரும்பினாள். ஒரே கட்டம் பாக்கி. பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே அட்டையை எடுத்தாள்.

மேசை. விளக்கு. நாற்காலியில் ஒரு பெண். அவள் முகம் வரையப்படவில்லை. முட்டை வடிவத்தில் ஒரு கோடு மட்டும்.

வாசல் கதவில் சாவி திரும்பியது.

சாவி கொடுத்திருந்தது அவள்தான். நனைந்த குடை மூலையில் சாத்தப்படும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். ஈரத் துணியின் வாடை. அவளுக்கு எழுந்திருக்கவே வரவில்லை.

“முடிச்சிட்டியா பாப்பா? நாளைக்கு அச்சுக்குப் போகணும்.”

“கடவுளே மன்னிச்சிருப்பார்னு சொன்னியே அண்ணா.”

“நான் மன்னிச்சேன்மா. அதனாலதானே எட்டு பாகமும் உன் முறையத் தள்ளிப் போட்டேன்.”

குரலில் கோபமே இல்லை. சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பேசும் அதே குரல். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“கொசு அண்ணன என்ன பண்ணினே?”

“நான் என்ன பண்ணினேன்? பிரார்த்தனைதான். நான் கேட்பேன், முடிவெடுக்கிறது நானில்ல.” நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். “அறுபது பேருக்கு மை போட்டியே, ஒரு நாளாவது கை நடுங்குச்சா?”

இல்லை. நடுங்கவில்லை. ஒரு நாள்கூட.

“நான் உன் தங்கச்சிடா!”

“தெரியும்மா. அழாத. கண்ண மூடிக்க.”

கை அவள் உச்சந்தலையில் அமர்ந்தது. குளிர்ந்திருந்தது. கனக்கவில்லை. உதறிவிட்டு ஓடலாம். கதவு திறந்துதான் கிடந்தது. கால்கள் நகரவில்லை. பக்கத்து அறையில் அன்று படுத்திருந்தபோது நகராத அதே கால்கள்.

பிரார்த்தனை தொடங்கியது. வார்த்தைகள் புரியவில்லை. வேகம் மட்டும் கேட்டது.

தூரிகை விரல்களிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

பக்கத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கறுப்பு. மைக் குப்பியைப் பார்த்தாள். மூடியிருந்தது.

மேலுதடு ஈரமாக இருந்தது.

இரண்டாவது சொட்டு.

பிரார்த்தனை நிற்கவில்லை. அண்ணன் கண்ணைத் திறக்கவும் இல்லை. இன்னொரு கையை மட்டும் நீட்டி, மேலும் கறைபடாமல் பக்கத்தை ஓரமாக நகர்த்திவைத்தான்.