ஏரிக்காட்சியில் இருவர்

விடிந்ததும் சவேரியான் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு படகை ஏரிக்குள் தள்ளினான். கரையோரத்து மூடுபனிப் பொறிகள் சீறத் தொடங்கின. தானாக விழும் பனிமூட்டம் சுன்சொன் நகரை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. மலை, ஏரி, பனி, நடுவே ஒற்றைப் படகு. எதிர்க்கரைக் காட்சிமேடையில் நிற்பவர்கள் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

கொரியாவின் இந்த உள்நாட்டு நகரத்தில் பிள்ளை பிறப்பு நின்றுபோய் வீடுகள் காலியாகின. நாகப்பட்டினத்துக் கரையைக் கடல் விழுங்கியபோது, அங்கிருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஒரே நிபந்தனை: பகல் முழுவதும் அவர்கள் காட்சிமாந்தராக இருக்க வேண்டும். சவேரியான் படகோட்டி. அமலோற்பவம் அக்கா படித்துறையில் துணி துவைப்பவள். வீட்டில் அவளுக்கு எழுந்து நடக்கமுடியாத புருஷன். நிற்கச் சொன்ன இடத்தைவிட்டு நகர்ந்தால் குடும்பத்தோடு ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

இலையுதிர்கால முடிவில் அக்கா கால் வழுக்கி ஏரியில் விழுந்தாள். கடற்கரையில் பிறந்தவள்தான், ஆனால் அந்தக் குளிர் கைகாலை முறுக்கிவிட்டது. மேடையில் இருந்தவர்கள் படமெடுத்தார்கள். சவேரியான் "மாதாவே!" என்று அலறிக்கொண்டு துடுப்புப் போட்டுப் போய் அவளைத் தூக்கினான். அன்று சாயங்காலமே மூட்டையும் கட்டிவிட்டான்.

ஆனால் காதில் மாட்டியிருந்த செவிப்பொறியில் காட்சி நிர்வாகியின் குரல், இயந்திரத் தமிழில் இனிமையாக ஒலித்தது: "மிக நன்று. பார்வையாளர்கள் நெகிழ்ந்து போனார்கள். இனி இது நாள்தோறும் நடைபெறும்."

அதிலிருந்து அக்கா தினமும் விழுந்தாள். காட்சிமேடைக் கோபுரத்தில் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் சவேரியான் துடுப்பைத் தொடலாம். பார்ப்பவர்களின் பதைப்பு கூடக் கூடக் கூட்டமும் கூடியது; அதனால் விளக்கு நாளுக்கு நாள் தாமதமாக எரிந்தது.

"நீ அன்னைக்கு வராமலே இருந்திருக்கலாம் தம்பி," என்றாள் அக்கா ஒருநாள், படகில் சுருண்டு கிடந்தபடி. "ஒரே சாவோட போயிருக்கும்."

"வாய மூடுக்கா. நாளைக்கு நான் விழுறேன்."

"ஒனக்குப் பொடவை கட்டி விடுவாங்களாடா?"

பல் கிட்டிப்போன வாயோடு சிரித்தாள். அவன் கேட்டே விட்டான். நிர்வாகி உடனே ஒப்புக்கொண்டார்: "பெண் ஆணைக் காப்பாற்றுவது புதுமை."

மறுநாள் மழையும் ஆலங்கட்டியும் கலந்து பெய்தது. சவேரியான் விழுந்தான். நீர் நெஞ்சை இறுக்கியது. விளக்கு எரியவில்லை. படகில் அக்கா துடுப்பைப் பிடித்தபடி கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. 'இப்படியுமா ஒருத்தி பார்த்துக்கொண்டு இருப்பாள்?' என்று மனம் கசந்தது. அப்புறம்தான் உறைத்தது: இத்தனை நாளும் அவனும் இப்படித்தானே உட்கார்ந்திருந்தான்!

கண் இருண்டு வரும்போது பச்சை எரிந்தது. அக்கா அவனை இழுத்துப் போட்டு, கழற்றி வைத்திருந்த தன் கோட்டால் மூடினாள். கோட்டுக்குள் ஒரு வெந்நீர்ப் பை இருந்தது. அவளோ மெல்லிய ரவிக்கையும் புடவையுமாய், தலைமுடியில் ஆலங்கட்டியோடு, உதடு நீலம்பாரித்து உட்கார்ந்திருந்தாள்.

"எப்பக்கா கோட்டக் கழட்டுன?"

"நீ விழுந்தப்பவே. நீ அங்க வெறைக்கயில எனக்கு எதுக்கு அது? பைய ஒடம்போட வச்சுக்க, சூடு ஆறிடும்."

எதிர்க்கரையில் கைதட்டல் எழுந்தது. இருவர் காதிலும் அந்த இனிய குரல் கேட்டது:

"அருமை. அந்த அம்மையார் கோட்டில்லாமல் நடுங்கியது பார்வையாளர்களை மிகவும் உருக்கியது. நாளை முதல் அவருக்குக் கோட்டு வேண்டாம்."

அக்கா துடுப்பை எடுத்தாள். எந்தப் படக்கருவிக்கும் தெரியாமல், உட்காரும் பலகைக்கு அடியில், சவேரியான் அந்த வெந்நீர்ப் பையை அவளுடைய வெறுங்காலுக்கு அடியில் தள்ளிவைத்தான்.