வேண்டுமென்றே விட்ட பிழை

அந்தப் பிழையை அவள் வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். வாடகைக்கு விட வேண்டிய மாடி வீட்டின் இரண்டு பெட்ரூமையும் வீடியோவில் பளிச்சென்று காட்டிவிட்டு, வாயால் மட்டும் "ஒரே பெட்ரூம்" என்றாள். "ரெண்டு இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று நாலு பேர் திட்ட வருவார்கள், அதுதான் கணக்கு. திட்டத்தான் வந்தார்கள். ஆனால் ஒருவர்கூட இரண்டு என்று எழுதவில்லை.

"மூணு பெட்ரூம் மேடம்."

"அக்கா, எண்ணத் தெரியாதா? மூணு."

"மூணை வச்சுக்கிட்டு ஒண்ணுன்னு சொல்றீங்களே."

"ஜனங்களுக்கு ரெண்டு வரைக்கும்கூட எண்ணத் தெரியல" என்று அவள் கொதிக்கிற டீயைப் பார்த்துச் சொன்னாள். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

வீட்டு புரோக்கர் அவள் இல்லை, அவள் கணவன். பைக்கிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்த நாளிலிருந்து சாவிக்கொத்தும் அந்த ஃபேஸ்புக் பேஜும் அவள் தலையில் விழுந்தன. முதலில் ஆசை ஆசையாகத்தான் செய்தாள். பாட்டுப் போட்டு, எழுத்தெல்லாம் பறக்கவிட்டு, தொண்டை வறளப் பேசி வீடியோ போட்டாள். நாத்தனார் ஒருத்தி மட்டும் பார்க்காமலேயே ஒரு ஹார்ட் போடுவாள். மற்றபடி ஒரு ஈ காக்கா கிடையாது. ஒரு நாள் வாய் தவறி குளியலறையைச் சமையலறை என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குக் கமெண்ட் கொட்டியது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. பாராட்டச் சொன்னால் ஒருத்தருக்கும் விரல் அசையாது, தப்பைத் திருத்தாமல் மட்டும் ஒருத்தராலும் இருக்க முடியாது. அதன்பிறகு வீடியோவுக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொண்டாள்.

"தப்பு பண்றதுல நீ கெட்டிக்காரின்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்றான் கணவன், படுக்கையில் இருந்தபடி.

"ஆமா, கல்யாணத்துலயே ஆரம்பிச்சுட்டேன்ல."

இந்த மாடி வீடுதான் இப்போது கழுத்தில் தொங்கியது. வெகுநாளாகக் காலி. ஆள் வராவிட்டால் வேறு புரோக்கரிடம் சாவியைக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒரு சாவி போனால் ஆணியில் மாட்டியிருக்கும் மற்ற சாவிகளும் ஒவ்வொன்றாகப் போகும். கணவன் எழுந்து நடக்கும்போது செய்வதற்குத் தொழிலே மிச்சம் இருக்காது.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்கே இருக்கு மூணாவது?" என்று பதில் போட்டாள். உடனே வந்தது.

"கடைசியில. உங்க பொண்ணு சாஞ்சு நிக்கிற கதவு."

வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். நடைவழியின் கடைசியில் அவள் மகள், வீட்டில் வாலு என்று கூப்பிடும் அந்த எட்டு வயசுக்காரி, பள்ளிச் சீருடையோடு ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர். வெள்ளைச் சுண்ணாம்பு, ஒரு ஆணித் துளை, அவ்வளவுதான்.

மத்தியானம் வீட்டுக்காரர் போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, மூணு ரூம்னு சொல்லியா ஆள அனுப்புறீங்க? வந்தவன் என்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறான்."

"நான் ஒண்ணுன்னுதான் சார் சொன்னேன்."

"இருக்கிறது ரெண்டு. நீங்க ஒண்ணுங்கிறீங்க, அவன் மூணுங்கிறான். என்னம்மா விளையாட்டு இது? இன்னைக்கே சரி பண்ணுங்க. இல்லன்னா சாவியக் குடுத்துடுங்க."

லைவ் போட்டு, கதவு கதவாகத் தட்டி எண்ணிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். பள்ளியிலிருந்து வாலுவை அழைத்துக்கொண்டு நேரே போனாள். மழை மேகத்தில் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. தெருவைக் கடக்கக் கையைப் பிடித்தால், வாலு வழக்கம்போல உதறினாள்.

"நான் என்ன சின்னப் பாப்பாவா? விடும்மா."

புது ஷூ அவள் ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச்சென்று கத்தியது. அந்தச் சத்தத்தால் கெட்டுப்போன வீடியோக்களை நினைத்து இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்று போனை உயர்த்தி லைவைத் தொடங்கினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க. மாடியில ரெண்டு ஜன்னல். ரூமுக்கு ஒண்ணு. ரெண்டே ரெண்டு."

மாடிக் கதவைத் திறந்ததும், பூட்டிக் கிடந்த வீட்டின் ஈரச் சுண்ணாம்பு வாடையும், அதற்கடியில் வெகுநேரம் ஆட்கள் படுத்து எழுந்த அறையில் இருக்கிற மாதிரி ஒரு வெதுவெதுப்பான தூக்க வாடையும் சேர்ந்து முகத்தில் மோதின. போன முறை வந்தபோது இந்த இரண்டாவது வாடை இல்லை. சமையலறையில் எங்கோ ஒரு குழாய் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருக்க, ஹாலில் இருந்த ஒற்றை பல்பு நடைவழியில் பாதி தூரம் வரைக்கும் மஞ்சளாகப் போய், அதற்குமேல் போக மனமில்லாமல் நின்றுவிட்டது. ஜன்னல்கள் மூடியிருந்தும் எங்கிருந்தோ மெல்லிய காற்று வந்து கணுக்காலைத் தொட்டது.

"இது ஒண்ணு." முதல் அறையைக் காட்டினாள். "இது ரெண்டு." பின்னால் ஷூ கீச்சிட்டது. "வாலு, சத்தம் போடாம வா." மூலையில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இத்தனை பேரை அவள் பேஜ் ஒரு நாளும் பார்த்ததில்லை. பயத்துக்கு நடுவிலும் ஒரு அற்ப சந்தோஷம் வந்ததை அவளால் தடுக்க முடியவில்லை.

நடைவழியின் கடைசிக்குப் போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டினாள். சத்தம் கெட்டியாகத்தான் வந்தது.

"இது என்ன? சுவர். கேக்குதா? சுவர்."

"கதவைத்தான் தட்டுறீங்க மேடம்."

"தட்டாதீங்க, தூங்குறாங்க."

"இப்ப தட்டி என்ன செய்ய? திறந்தாச்சு."

"உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று கத்தியே விட்டாள். குரல் உடைந்தது. வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கும் ஒருவனின் பிழைப்பு இவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. அழுகை முட்டியது. அப்போது பின்னாலிருந்து ஒரு சின்னக் கை அவள் இடது கைக்குள் நுழைந்து இறுகப் பிடித்துக்கொண்டது. பாவம், பிள்ளையும் பயந்துவிட்டாள். கேட்காமலே வந்து கையைக் கொடுக்கிறாள். மனசு கொஞ்சம் இளகியது.

"பரவாயில்லடா" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போனை ஒரு முறை சுற்றிக் காட்டினாள். கோபத்தில்தான் கேட்டாள். பழக்கதோஷத்தில் பிழையோடுதான் கேட்டாள்.

"இவ்வளவு நல்லா எண்ணுறீங்களே. இந்த வீட்ல இப்ப எத்தனை பேர் இருக்கோம்? நானும் என் பொண்ணும், மொத்தம் மூணு பேர். சரியா?"

ரெண்டு என்று வரட்டும். ஒரே ஒரு ஆள் போதும். ரெண்டு, கண்ணு தெரியலையா என்று ஒருத்தர் திட்டினால் போதும், இந்தப் பேஜையே மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

கமெண்ட் நின்றுவிட்டது.

குழாய் சொட்டியது.

அப்புறம் வரிசையாக வந்தன.

"சரி."

"சரி."

"இப்பதான் சரியா எண்ணியிருக்கீங்க."

யாரும் திருத்தவில்லை.

"வாலு, வா." கையை இறுக்கிக்கொண்டு திரும்பினாள். ஹால். கதவு. பூட்டக்கூட நிற்கவில்லை. படி. திருப்பம். மறுபடி படி. செருப்பு தடதடத்தது. அவள் செருப்பு. அது மட்டும். வாசல். கேட். தெரு.

தெரு விளக்கின் அடியில் வந்துதான் மூச்சு விட்டாள். அப்போதுதான் அது உறைத்தது. இறங்கும்போது ஷூ கீச்சிடவே இல்லை.

கையில் இருந்த கை உதறவில்லை. விடவும் இல்லை. அது ஈரமாக இல்லை, குளிர்ச்சியாகவும் இல்லை. அந்த வீட்டு வாடையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

போன் இன்னும் லைவில் இருந்தது.

"மேடம், பொண்ணை விட்டுட்டுப் போறீங்களே."

அவள் குனிந்து பார்க்கவில்லை. மேலே பார்த்தாள்.

மாடியில் ஒரு ஜன்னல். இருட்டு.

இரண்டாவது ஜன்னல். இருட்டு.

மூன்றாவதில் விளக்கு எரிந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் பள்ளிச் சீருடை. வாய் அம்மா என்று திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. வாலு இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும்.

தெருவில், அவள் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள். அவள் கைக்குள் இருந்த கை இன்னும் கொஞ்சம் இறுகியது.